நாலு கட்டை

ஆவணி 6, புதன்

சோளகக் காற்று ஓயவில்லை. கொடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வளவுக்குப் பறந்துவிட்டது.

காலையில் கோட்டைமேட்டுக்கு ஏறினேன். சனிக்கிழமை அங்கே சங்கீத விழா. பந்தல் என் பொறுப்பு. என்னை நம்பி ஏன் தந்தார்களோ. உச்சியில் எஞ்சியிருப்பவை: மூன்று மதில், ஒரு வாசல், எண்ணமுடியாத மயில்கள்.

பந்தல்காரர் ரஹீம் நானா மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "மதில் ஒல்லாந்தன் கட்டினது ஐயா, நிக்கும். என்ட தகரம் நிக்காது."

மேடைக்கு எத்தனை கட்டை நாட்டலாம் என்று இருவரும் அளந்துகொண்டிருந்தபோது விழாவை நடத்தும் சங்கீத ரீச்சரின் போன். காற்றில் பாதிதான் கேட்டது.

"ஐயா, எத்தனை கட்டை?"

"நாலு, ரீச்சர்."

"நாலோ!" குரலில் வியப்பு. "சரி, பக்கவாத்தியக்காரருக்குச் சொல்லிவிடுறன்."

பக்கவாத்தியக்காரருக்குப் பந்தல் கணக்கு எதற்கு? மேட்டிலிருந்து பாதி இறங்கிய பிறகுதான் விளங்கியது. அவர் கேட்டது சுருதிக் கட்டை, பாடும் குரலின் உயரம். உள்ளூர்க்காரர் வரிசையில் நானும் ஒரு பாட்டுப் பாடவேண்டும் (மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டது). என் குரலுக்கு ஒன்றரைக் கட்டைதான் சுருதி. நாலில் மேல் ஷட்ஜம், அந்த உச்சி ‘ஸ’, எனக்கு இந்தப் பிறவியில் இல்லை.

ஆவணி 7, வியாழன்

உண்மையைச் சொல்லிவிடுவதென்று போனை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். கடைசியில் ரீச்சரே அழைத்தார்.

"மிருதங்கம் கிளிநொச்சியிலயிருந்து வருது ஐயா. உங்களுக்கெண்டே நாலு கட்டை வாத்தியம் கொண்டுவரச் சொல்லிப்போட்டன். இந்த வயசில நாலு! என்ட பிள்ளையளுக்கெல்லாம் சொன்னனான்."

"ஓம் ரீச்சர்" என்றேன்.

பாக்கியத்திடம் சொன்னேன். என் மனைவியாயிற்றே, வழி சொல்வாள் என்று. குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் உங்கட பாட்டைக் கேட்டது நானும் கிணறும்தான். கிணறு ஒண்டும் சொல்லேல்லை எண்டிட்டு நாலு கட்டைக்கு ஏறிப்போட்டியளோ?"

உப்புநீர் கொப்பளிப்பு, இரு வேளை. தயிர் தவிர்க்க. நானாவிடம் சொல்ல: கூடுதல் கயிறு, தண்ணீர்ப் பீப்பாய்.

ஆவணி 8, வெள்ளி

கிணற்றடியில் நாலு கட்டையில் பாடிப் பார்த்தேன். பாட்டு மோகனம். மேல் ஷட்ஜம் அதில் திரும்பத் திரும்ப வரும். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

தொண்டை நோ என்று சொல்லலாம். ஆனால் ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவனுக்குத் தொண்டை நோ என்றால் யார் நம்புவார்? பொய் சொல்லவும் துணிவு வேண்டியிருக்கிறது.

கத்தரிக்காய், பயற்றங்காய் வாங்கியது. கேட்காமலே பாக்கியம் என் வெள்ளைச் சட்டையை மினுக்கி வைத்திருக்கிறாள்.

ஆவணி 9, சனி

வெயில் கடுமை. பின்னேரம் காற்றுச் சற்றுத் தணிவு. வவுனியாவிலிருந்து இரண்டு பஸ் சனம். மதிலிலும் ஏறி இருந்தார்கள்.

என் முறை. வயலின் நாலில் சுருதி பிடித்தது. அடிப்பகுதியை ஒருவாறு சமாளித்தேன். மேல் ஷட்ஜத்துக்கு ஏறினால் குரல் இல்லை. வெறும் காற்று. அந்த இடைவெளியில் வாசல் மதிலிலிருந்து ஒரு மயில், முழுக் குரலில். ஷட்ஜம் மயிலின் குரல் என்று படித்ததுண்டு. இது அதைவிடச் சற்று மேலே.

சனம் சிரித்தது. மிருதங்கக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து உண்மையும் வந்துவிட்டது, மைக்கிலேயே.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நான் ஒண்டரைக் கட்டை. நாலெண்டு சொன்னது பந்தல் கட்டை."

பின்னாலிருந்து நானா:

"நாலும் இறுக்கித்தான் நிக்குது ஐயா! பயப்படாமப் பாடுங்க!"

கோட்டையே சிரிப்பில் அதிர்ந்தது. ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா!"

வயலினைத் தளர்த்தினார்கள். நாலு கட்டை மிருதங்கம் ஒன்றரைக்கு இறங்காது. மிருதங்கக்காரர் அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் தாளம் போட்டார். முன்வரிசையும் போட்டது. பாடினேன். மேல் ஷட்ஜம் நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் அளக்கவில்லை.

பாக்கியம், திரும்பும் பஸ்ஸில்: "கிணத்தை விட அங்க நல்லாக் கேட்டுது."

ஆவணி 10, ஞாயிறு

தொண்டை சுகம். வேட்டி கிடைத்தது. பந்தல் பிரிக்கும் இடத்துக்குப் போனேன். ரீச்சரும் அங்கே, கையில் பேனாவோடு.

"ஐயா, வாற வருஷம் தனிக் கச்சேரி வைப்பமோ? ஒண்டரைக் கட்டையில, ஒரு மணித்தியாலம்?"

நான் என்னால் இயலாது என்பதற்கு நல்ல வசனம் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் நானா மேடையிலிருந்து கத்தினார்: "ஐயா, இந்தக் கட்டையள் வாற வருஷத்துக்கும் வேணுமோ?"

"ஓம், வேணும்!" என்று நானாவுக்குச் சொன்னேன்.

ரீச்சர் அதைத் தனக்குச் சொன்ன பதிலாக எடுத்து எழுதிக்கொண்டார். இன்று காற்றே இல்லை. பக்கத்தில்தான் நின்றார். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.