மகன் வீட்டில் இருந்த நாள்களில் பன்னிரண்டைக் கழித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சூ. லூர்துநாதன், திராட்சை விவசாயி,
சர்ச் தெரு, உத்தமபாளையம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
தேனி.

பொருள்: ஜெர்மனியில் படிக்கும் என் மகன் சகாய பிரவீன், தங்கை கல்யாணத்துக்கு வர நாள் போதாமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் ஆராய்ச்சி மாணவன். திராட்சைக் கொடிக்கு வரும் நோயை ஆராய, சென்ற ஏப்ரல் 2 முதல் செப்டம்பர் 28 வரை என் தோட்டத்திலேயே கிடந்தான். மொத்தம் 180 நாள். நோய் இன்னும் இருக்கிறது.

2. பிப்ரவரி 4 அன்று என் மகள் பெனிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியவன் இவன் ஒருவனே. ஆனால் இந்த நிதியாண்டில் 182 நாள் ஆகிவிட்டால் இந்தியாவில் வசிப்பவன் ஆகிவிடுவானாம்; அங்கே வாங்கும் உதவித்தொகைக்கும் இங்கே வரி வருமாம். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்லிவிட்டார். எனவே கல்யாணத்தன்று காலை மதுரையில் இறங்கி, இரவு பன்னிரண்டுக்குள் நாட்டை விட்டே போய்விடுவதாக மகன் எழுதியிருக்கிறான்.

3. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இக்கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் கேட்டபோது என் மனைவி ஆரோக்கியம்மாள் மட்டும் எழுந்து, "வருமான வரிக்காரகதான் எம்மகன வரவிடாம வச்சிருக்காக, சாமி" என்றாள். இதில் தங்கள் குற்றம் ஏதுமில்லை என்பதை நான் அறிவேன்.

4. ஆகவே கீழ்க்கண்ட நாள்களைக் கழித்துத் தர வேண்டுகிறேன்.

(அ) ஜூனில் ஒன்பது நாள் கேரளத்துக் குமுளியில் சித்தி வீட்டில் இருந்தான். கம்பத்தில் ஜீப் ஏறி, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டித்தான் போனான். அங்கே பேச்சே வேறு. அதையும் இந்தியா என்றே ஆடிட்டர் சாதிக்கிறார்.

(ஆ) ஆகஸ்டில் மூன்று நாள் கடுங்காய்ச்சல். பெற்ற தாயைக்கூட அடையாளம் தெரியாமல் ஜெர்மன் மொழியிலேயே பிதற்றினான். அந்த மூன்று நாளும் அவன் இங்கே இருந்தான் என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது.

5. எல்லோரும் எண்ணுகிறார்களே என்று நானும் எண்ணிப் பார்த்தேன். அந்த 180 நாளில் நானும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது பதினோரு நாள். நான் மருந்தடிக்கப் போய்விடுவேன். அவன் இலையும் கையுமாகத் திரிவான். இருக்கிறானே, எங்கே போய்விடப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

6. கழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றால், அவனை இந்நாட்டில் வசிப்பவன் என்றே முடிவு செய்துவிடுங்கள். வரியை நான் கட்டுகிறேன். மறுநாள் காலை வரையாவது அவன் வீட்டில் இருக்கட்டும். பன்னிரண்டாவது நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

தங்கள் பதிலுக்காக வீட்டோடு காத்திருக்கும்,
சூ. லூர்துநாதன்
(கையொப்பம்)

இடம்: உத்தமபாளையம்
நாள்: 19.01.2026

இணைப்பு:
1. ஜீப் ஓட்டுநர் பொன்னுராஜ் கைப்பட எழுதித் தந்த சாட்சி.
2. காய்ச்சலுக்கு டாக்டர் தந்த சீட்டு.
3. கல்யாணப் பத்திரிகை. தாங்கள் குடும்பத்துடன் வர வேண்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம்.