அவருக்கு வந்த பிரஷர்

6 ஜூலை 1992, திங்கள்
ஜெயசீலி டீச்சர் மறுபடியும் கூப்பிட்டனுப்பினார். மூணாங்கிளாஸ் படிக்கும் எங்கள் மகள் திரிபுரசுந்தரி கணக்குப் பாடத்தின் நடுவில் சன்னலில் ஏறி, தாம்பரம் ரயிலுக்கு டாட்டா காட்டினாளாம். "காலாண்டுப் பரீட்சையில உக்காந்து எழுதலேன்னா டி.சி. குடுத்துருவாங்கம்மா." வீட்டுக்கு வந்து கத்தினேன். கேட்டாளா? கேட்பதற்கு ஓரிடத்தில் நின்றால்தானே!

12 ஜூலை
திருநீர்மலை. வேண்டுதல். நாங்கள் பாதிப் படி ஏறுவதற்குள் அவள் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய்விட்டாள். பெருமாளே, இந்தப் புண்ணியமெல்லாம் யார் கணக்கில்?

20 ஜூலை
எழும்பூர் டாக்டர். அடங்காப்பிடாரித்தனம் இல்லையாம், மூளை கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த விடாத கோளாறாம். இதற்கென்றே உள்ள வெளிநாட்டு மாத்திரை நம் கைக்கு எட்டாது. "பழைய பிரஷர் மாத்திரை ஒண்ணு இருக்கு, விலை கம்மி. சின்ன அளவுல குடுத்தா சில பிள்ளைங்களுக்குக் கேக்குது. என்னைக் கேக்காம கூட்டாதீங்க, நிறுத்தாதீங்க" என்றார்.

மூளை என்ற சொல் தெருவுக்குப் போனால் பைத்தியம் என்று முடித்துவிடுவார்கள். என் பிள்ளையையா? விட மாட்டேன்.

21 ஜூலை
மருந்துக்கடை அரிகிருஷ்ணன் மாத்திரைப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "இன்னாக்கா, வூட்ல யாருக்கு பிரஷரு?" என்றான். பின்னால் பக்கத்து வீட்டு ஞானம்மாள்! வாய் முந்திக்கொண்டது.

"எங்க வூட்டுக்காரருக்கு."

22 ஜூலை
இரும்புலியூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

29 ஜூலை
ஞானம்மாள் தினமும் கிண்ணத்தோடு வருகிறாள். குழம்பை வாங்கி நாக்கில் வைத்து, "இன்னாடி, உப்பு கீது! தாலி மேல ஆசையில்லியா உனக்கு?" என்கிறாள். போகும்போது ஊறுகாய் ஜாடியையும், "எங்கிட்டயே இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்றிலிருந்து உப்பில்லாச் சமையல். தும்மல்கூட வராத மனுஷன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மே, எனக்கு இன்னும் எத்தினி நாளிக்கு பிரஷரு?"

"பரீட்ச முடியற வரைக்கும்."

அடுத்த வாயை எடுத்து வைத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

16 ஆகஸ்ட்
திரிபுரசுந்தரி இட்லியைத் தின்று முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூச்சு விடவில்லை. கண் படும், எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

18 செப்டம்பர்
கணக்குப் பரீட்சை. மணி அடிக்கும் வரை எழுதினாளாம்! எழுந்தது ஒரே தடவை, அதுவும் விழுந்த பென்சிலை எடுக்க. பாஸோ ஃபெயிலோ, டி.சி. இல்லை. ஜெயசீலி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். எவன் பார்த்தால் என்ன.

20 செப்டம்பர், ஞாயிறு
மத்தியானம் அவருக்குச் சோறு போடும்போது ஞானம்மாள் கிண்ணத்தோடு வந்தாள். தட்டிலிருந்து நிமிர்ந்தாள் என் மகள்.

"அத்தே, அப்பாவுக்கு பிரஷரு இல்ல. அந்த மாத்திரை என்னுது. நான் உக்கார்றதுக்கு. பாவம் அப்பா, உப்பு போடச் சொல்லு."

இத்தனை நாளும் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எங்கள் திரிபுரசுந்தரி! கவனித்துக்கொண்டு!

ஞானம்மாள் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனாள். போச்சு, தெருவுக்குச் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். ஊறுகாய் ஜாடியோடு திரும்பி வந்தாள்.

"அய்ய, இத்த எங்கிட்ட சொன்னா, நான் இன்னா முழுங்கிடவா போறேன்?"

ஜாடி பாதி காலி.

இவர் இருந்த பாதியில் கையை விட்டார். நாளைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். என் மகளே சொல்லிவிட்டாள், எனக்கென்ன.