போனக்காட்டுக் கதிர்க்குருவி

லலிதாம்பாளுக்கு,

போனில் நீ முணுமுணுக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

போனக்காட்டு மலைக்கு நாம் பறவை பார்க்கப் போனபோது நான் படமெடுத்த கதிர்க்குருவி, அங்கே வரும் இரண்டு வகையில் எதுவென்று தெரியவில்லை. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான், குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இருபது வருஷமாகப் புத்தகம் பார்த்து நானே கற்றது இது. அது கூப்பிடவேயில்லை என்று நம் பறவை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அதன் கீழே நீ, “மூணு தரம் கூப்பிட்டுத்து. இவருக்குத்தான் கேக்கலை” என்று போட்டது நியாயமா? நாற்பது பேர் பார்த்தார்கள். “காதுக்கும் ஒரு சூம் லென்ஸ் வாங்கணும் சாரே” என்று அந்தக் குழுவில் ஹரிகுமார் கேலி செய்கிறான்.

“காது டாக்டரைப் பாருங்கோ, அப்பறம் வரேன்” என்று நீ நம் பெண் வீட்டுக்குப் போய் ஒரு மாசமாகிறது. என் காதுக்கு ஒன்றுமில்லை. நம் குக்கர்தான் இப்போது விசில் அடிப்பதேயில்லை. இரண்டு தரம் சாதம் தீய்ந்தது.

நேற்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவதில் குருவியின் அலகு திறந்திருக்கிறது. ஐந்தாவதிலும்.

வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் எடுத்திருக்கிறேன். என் நோட்டில் அந்தக் குருவியின் பெயரை இன்னும் எழுதவில்லை. அது எப்படிக் கூப்பிட்டது என்று வந்து சொல். கிட்டே உட்கார்ந்து சொல்.

உன் ஆம்படையான்