கடுகுக்குப் புது இன்ஜின்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால், "நீ கேக்காத வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கார் கடுகு படுத்துவிட்டது. (சரி, உன் கடுகு. பேப்பரில் உன் பெயர்தான்.) ஞாயிற்றுக்கிழமை மேம்பாலம் ஏறும்போது பின்னால் வெள்ளைப் புகை. ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஆயிலை இறக்கினால், பால் ஊற்றிய காப்பி மாதிரி வருகிறது. தண்ணீர் கலந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். இன்ஜினின் உடம்பு, அந்த பிளாக்கில், விரல் நீளத்துக்கு விரிசல். போட்டோ வைத்திருக்கிறேன், நீயே பார். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததற்கு மாடி வீட்டுத் தையல்காரம்மா சாட்சி.

இந்த மாடலுக்கு இனி வேறு பிளாக் கிடைக்காது. எனக்கு ஒரு யோசனை. காயலான் கடையில் இடிபட்ட புதுக் கார் ஒன்று நிற்கிறது. பின்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது, இன்ஜின் முழுசாக இருக்கிறது. சின்ன இன்ஜின், கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் வைத்தது. அதைக் கடுகுக்குள் உட்காரவைத்தால் என்ன? நம் ஷெட்டிலேயே செய்துவிடலாம். நீ சரி என்றால்தான் கை வைப்பேன்.

பேக்கரிக்காரர் மகள் விஷயம் அப்படியே இருக்கிறது. அவளுக்குச் சம்மதம். அவள் அப்பாதான் என்னைக் கருகிய ரொட்டியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

உன்,
வாலு


மார்ச் 16

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைக் கம்பெனி பம்ப் ரூமில் நின்றுகொண்டே படித்தேன். அழுதுவிட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்து, "யாருக்கு என்னம்மா?" என்றார். "வீட்ல ஒருத்தர்" என்றேன். பாவம், அரை நாள் லீவு கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சிரிக்காதே. அந்த இன்ஜினை நான் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டியபோது அம்மாதான் டார்ச் பிடித்தாள். "இன்னும் எவ்ளோ நேரம்டி, கை கடுக்குது" என்று புலம்புவாளே தவிர, வெளிச்சத்தை ஒரு இஞ்ச் நகர்த்தமாட்டாள். ஆயில் அளக்கும் குச்சியின் பிடி உடைந்துபோய், நான் அவளுடைய அலுமினிய ஸ்பூனை எடுத்து அதில் ஆணி அடித்துப் பொருத்தியது ஞாபகம் இருக்கிறதா? "வீட்ல வேற ஸ்பூனே கிடைக்கலையா உனக்கு?" என்று என்னை வறுத்து எடுத்தாள். அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் பானெட்டைத் திறந்து அதைத்தான் காட்டினாள். அவளும் போய்விட்டாள், இப்போது அதுவும். போட்டோவில் அந்த விரிசலைப் பார்க்கவே முடியவில்லை, கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சரி, புது இன்ஜின் வை. ஆனால் என் பேச்சைக் கேட்டு வை. முதல் வேலை பிரேக். பழைய இன்ஜினின் வேகத்துக்குப் போட்ட பிரேக் அது. புதுசு இழுக்கிற இழுப்புக்குப் போதாது. முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் மாற்றாமல் இன்ஜினைத் தொட்டால் உன் காதைத் திருக நானே விமானம் ஏறி வருவேன். இரண்டாவது, பாடியில் எதையும் வெட்டாதே. அட்டையில் இன்ஜின் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, அதை உள்ளே வைத்துப் பார். எங்கே இடிக்கிறது என்று எழுது, நான் படம் போட்டு அனுப்புகிறேன்.

அந்த ஸ்பூனை மட்டும் கழற்றி எடுத்து வை. மற்றது எப்படிப் போனாலும் போகட்டும்.

உன்,
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் திட்டு வாங்க வேண்டியது. உன் கடிதம் வருவதற்கு முன்பே காயலான் கடைக்காரர் பழைய இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்பூனும் அதோடு போய்விட்டது. எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. மன்னித்துவிடு.

பிரேக் முடிந்தது. அட்டைப் பெட்டி இன்ஜினை உள்ளே வைத்தேன். தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம மிக்ஸி வந்த பெட்டியாச்சே, இதுலயா வண்டி ஓட்டப்போற?" என்றார். மூன்று பக்கமும் சரியாக உட்காருகிறது. அடியில்தான் தகராறு. ஆயில் நிற்கிற தொட்டி குறுக்குக் கம்பியில் இடிக்கிறது. கியர்பாக்ஸ் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதையும் புது இன்ஜினையும் சேர்க்கிற தகட்டை நான் வேலை பார்க்கிற பட்டறை லேத்திலேயே கடைந்துவிட்டேன். முதலாளி பார்க்காத நேரமாகப் பார்த்துக் கடைந்தேன், ஆனாலும் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது.

இப்போது நல்ல செய்தி. பேக்கரிக்காரர் சம்மதித்துவிட்டார்! அவருக்கும் பழைய வண்டி என்றால் உயிர். அதில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது. ஜூன் மாதம் கல்யாணம். நீ வந்தே ஆகவேண்டும்.

உன்,
வாலு


ஏப்ரல் 24

அடேய் மாப்பிள்ளை,

பம்ப் ரூமில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். சூப்பர்வைசர், "போன மாசம் துக்கம், இந்த மாசம் கல்யாணமா? நல்ல குடும்பம்மா" என்றார்.

எனக்குத்தான் வர வழியில்லை. புது மெஷின் இறக்குகிற மாதம் அது, ஜூனில் ஒருவருக்கும் லீவு கிடையாது. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் சொல், அவளுடைய நாத்தனார் கெட்டவள் இல்லை, தூரத்தில் இருக்கிறவள் என்று.

குறுக்குக் கம்பியை வெட்டிவிடாதே. தொட்டியின் முன்பக்கத்தை வெட்டி, உயரத்தைக் குறைத்து, அந்த அளவு ஆயில் பின்பக்கம் நிற்கிற மாதிரி அகலப்படுத்திப் பற்றவை. படம் இத்துடன் இருக்கிறது. நாலு முறை அழித்து அழித்துப் போட்டேன். கூட ஒரு அட்டை அச்சும் இருக்கிறது, அதை அப்படியே தகட்டில் வைத்துக் கோடு போட்டுக்கொள். மடங்காமல் வரவேண்டும் என்று இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். தபால்காரர் திட்டினால் வாங்கிக்கொள்.

ஸ்பூன் போனது போனதுதான். உன் கல்யாண நேரத்தில் அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

உன்,
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடுகு பேசிவிட்டது! சாவியைத் திருப்பினேன், ஒரே தடவை. சத்தமே இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்த்தேன் என்றால் நம்புவாயா? மேம்பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. உன் தொட்டி ஒரு சொட்டு ஒழுகவில்லை. தையல்காரம்மா முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்துவிட்டு, "வண்டி மாறலை, புத்தி மாறிடுச்சு" என்றார்.

கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்குக் கடுகு இன்னும் ஷெட்டில் நின்றதால் பேக்கரி மாமாவின் பழைய வண்டியில்தான் ஊர்வலம் போனோம். போட்டோக்களை உன் தம்பி பெண்டாட்டியே பொறுக்கி, கவரில் வைத்து ஒட்டுகிறாள். நான் தொட்டால் ஆயில் கறை படுமாம். வந்த நாளே அதிகாரம்.

நீ இல்லாத குறை ஒன்றுதான் அக்கா.

உன்,
வாலு


ஜூலை 11

வாலு,

உன் பெண்டாட்டி அனுப்பிய போட்டோக்களில் ஆறாவது. உன் மாமனார் பட்டுச் சட்டையோடு வண்டியின் பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கிறார். சுற்றி எல்லோரும் சிரிக்கிறீர்கள். பின்னால் அவள் எழுதியிருக்கிறாள்: "அப்பா கல்யாணத்தன்னிக்கும் விடலை பாருங்க அண்ணி!"

அவர் கையில் தூக்கிப் பிடித்திருக்கிற குச்சியின் உச்சியில் ஒரு ஸ்பூன் இருக்கிறது.

அவருடைய வண்டியும் கடுகின் அதே மாடல். அதை நீ எனக்குச் சொல்லவே இல்லை.

நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று இரண்டு நாள் யோசித்தேன், கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் எழுது.

அந்த விரிசல் விட்ட பிளாக் யாருடையது?

அக்கா


ஜூலை 25

அக்கா,

மாமாவுடையது.

அவர் வண்டி ஒரு வருடமாக ஓடாமல் கிடந்தது. நான் பெண் கேட்டுப் போனபோது, "முதல்ல இதை ஓடவை தம்பி, அப்புறம் பேசலாம்" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிரித்துப் பார்த்தால் பிளாக் போய்விட்டது. ஊரெல்லாம் தேடினேன். அதே மாடலில் நல்ல இன்ஜின் ஒன்றுதான் இருந்தது, நம் ஷெட்டில். மேம்பாலம், புகை எல்லாம் நான் சொன்ன கதை. மாமாவிடமும் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. தேடிப் பிடித்தேன் என்றுதான் சொன்னேன். உன்னிடம் கேட்டால் மாட்டேன் என்பாயோ என்று பயந்துவிட்டேன்.

ஆனால் கடுகை நான் அநாதையாக விடவில்லை அக்கா. நீயே யோசித்துப் பார். முன்பைவிட நல்ல இன்ஜின், நல்ல பிரேக். அவரும் அதைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறார். யாருக்கும் நஷ்டம் இல்லையே?

கோபத்தைத் திட்டித் தீர்த்துவிடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
வாலு


ஆகஸ்ட் 8

வாலு,

திட்டச் சொன்னாய். முட்டாள். நெஞ்சழுத்தக்காரா. இதற்குமேல் எனக்கு வரவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? எனக்கே தெரியாது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, "தொலையட்டும், எடுத்துக்கோ" என்றிருப்பேன். இல்லை, முடியாது என்றே சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல ஒரு வாய் எனக்கும் இருந்தது. நீ அதைத்தான் பொத்தினாய்.

இன்ஜினை எடுத்ததைக்கூட விடு. ஊரான் வீட்டு விரிசலைக் காட்டி என்னை அழவைத்தாயே, அது ஆறமாட்டேன் என்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து படம் போட்டேன். அட்டையைப் பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். நீ தோண்டிய குழியை நானே மூடிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் அளவெடுத்து. ஒவ்வொரு கடிதத்திலும் உனக்கு உண்மையைச் சொல்ல இடம் இருந்தது. ஸ்பூனைக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம்.

இன்ஜின் அவரிடமே இருக்கட்டும். மகளைக் கொடுத்த மனிதரிடம் போய்ப் பிடுங்கச் சொல்லமாட்டேன். ஆனால் அவரிடமும் உன் பெண்டாட்டியிடமும் உண்மையைச் சொல். சொல்லிவிட்டு அவர் கையாலேயே அந்த ஸ்பூனைக் கழற்றி வாங்கி எனக்கு அனுப்பு. அது வந்தால் போதும், நான் மறந்துவிடப் பார்க்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். இரண்டு பேரிடமும் சொன்னேன். மாமா, "அடப்பாவி, அக்கா கிட்டயே வேலையைக் காட்டிட்டியா" என்று தலையில் தட்டிவிட்டு, அவரே ஸ்பூனைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இவள்தான் ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டித் தீர்த்தாள்.

ஸ்பூனைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். பத்திரமாக வந்து சேரும்.

மனசு லேசாகிவிட்டது அக்கா. அடுத்த லீவுக்கு வா. ஏர்போர்ட்டுக்குக் கடுகிலேயே வந்து உன்னை அழைத்துப்போகிறேன்.

உன்,
வாலு


செப்டம்பர் 14

தம்பிக்கு,

ஸ்பூன் வந்து சேர்ந்தது.

பார்சலை வாசலிலேயே நின்று பிரித்தேன். வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் ஆயிலில் கிடந்த சாமானில் பாத்திரம் கழுவுகிற சோப்பு வாசம் வந்தது. சரி, நன்றாகக் கழுவியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆணி ஓட்டை இரண்டும் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. நீ லேத்காரன், உன் வேலையில் சுத்தம் இருக்கும். நான் அன்றைக்குச் சுத்தியலால் தட்டிப் போட்டதில் ஒன்று கோணல்.

அப்போதும் நம்பத்தான் பார்த்தேன். விளக்கடியில் கொண்டுபோய் ஓரத்தை விரலால் தடவினேன்.

எத்தனையோ ஸ்பூன் இருக்க அதை எதற்கு எடுத்தேன் என்று நீ கேட்டதே இல்லை. உனக்குப் பல் முளைத்தபோது அதைத்தான் நாள் முழுக்கக் கடித்துக்கொண்டு திரிந்தாய். அலுமினியம் மெத்தென்று இருக்கும், குழி ஓரத்தில் நாலு பள்ளம் விழுந்துவிட்டது. அம்மா அதை வேறு யாரையும் தொட விடமாட்டாள். என் வண்டியில் அது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

நீ அனுப்பியதில் உன் பல் இல்லை. ஓரம் வழவழவென்று இருக்கிறது.

ஆக, நீ அவரிடம் சொல்லவில்லை. உன் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. தலையில் தட்டினார், மன்னிப்புக் கேட்டார் என்று அந்த மனிதர் வாயில்கூட வசனம் வைத்து எழுதிவிட்டாய். பயப்படாதே, நான் அவர்களுக்கு எழுதமாட்டேன். அந்தப் பெண் என்னை அண்ணி என்று வாய் நிறைய எழுதியிருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டியவன் நீ.

இந்த ஸ்பூனைச் சமையலறையில் போட்டுவிட்டேன். சர்க்கரை கலக்க நன்றாகவே இருக்கிறது. கடுகை உன் பெயருக்கு மாற்றும் பேப்பரில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பிரேக்கை அடிக்கடி பார்த்துக்கொள், அதில் சோம்பேறித்தனம் வேண்டாம். எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துவிடுவேன், பிரித்தால் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
இதுவரை பேப்பரில் பெயர் இருந்தவள்