‘உண்ணி’ என்ற சொல் விடுபட்டதால் சிறைப்பட்ட மாப்பிள்ளை

அனுப்புநர்:
அச்சக மெய்ப்புத் திருத்துநர்,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டிப் பின்தெரு.

பெறுநர்:
நகரச் சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் நாய் என் கணவரைக் கடிக்கவில்லை என்பது – பதிவேட்டைத் திருத்தி, நாயை விடுவித்து, கணவருக்கு உரிய சிகிச்சை அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். அச்சில் ஒரு சொல் விட்டுப்போனால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். தங்கள் துறையில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் தங்களுக்கே எழுதுகிறேன்.

2. எங்கள் நாயின் பெயர் மாப்பிள்ளை. வீட்டில் உள்ள நல்ல நாற்காலியில் அதுதான் உட்காரும், கெஞ்சினால்தான் சாப்பிடும். அதனால் வைத்த பெயர். எங்களுக்கு மகள் கிடையாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சென்ற மாதம் அது நொண்டத் தொடங்கியது. திங்களன்று முன்னங்கால், வியாழனன்று பின்னங்கால். காலை மாற்றி மாற்றி நொண்டுவதால் இது சுத்த நடிப்பு என்று பக்கத்து வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பிறகு காய்ச்சல் கண்டது. நாற்காலியில் ஏறுவதையும் விட்டுவிட்டது. நாங்கள் பயந்துபோனோம்.

3. இம்மாதம் 3ஆம் தேதி கால்நடை மருத்துவர் மூட்டுகளை அழுத்திப் பார்த்து, இரத்தம் சோதித்து, உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்றார். முப்பது நாளைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். நாயைப் பிடித்திருந்த என் கணவரின் சட்டைக்கை அப்போது மேலேறியது. முழங்கைக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவந்த வளையம். படர்தாமரை என்று அவர் மூன்று வாரமாகக் களிம்பு பூசிவந்த இடம் அது. அரிக்கவில்லை, அகலமாகிக்கொண்டே வந்தது. “சார், உங்களுக்கும் அதேதான்போல. நாய்கிட்டேருந்து ஒட்டிக்கலை, ரெண்டு பேரையும் புல்லுல உண்ணி கடிச்சிருக்கும். ஆனா ரெண்டு கால்ல நடக்கறவங்களுக்கு நான் மருந்து எழுதக் கூடாது” என்றார்.

4. அன்றே தங்கள் சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். பதிவு எழுத்தர் நோயின் பெயர் கேட்டார். சொன்னேன். “லைமா? ஜூஸ் குடிச்சு யாருக்காவது நோய் வருமாம்மா?” என்று சிரித்துவிட்டு, காரணம் கேட்டார். “நாய் உண்ணி கடி” என்றேன். படிவத்தில் நாய்க்கடி, பாம்புக்கடி என்று இரண்டே கட்டங்கள். “உண்ணிக்குக் கட்டம் இல்லம்மா” என்று நடுச்சொல்லைத் தூக்கிவிட்டு, முதல் கட்டத்தில் டிக் போட்டார்.

5. அதன்பிறகு எல்லாம் விதிப்படி மளமளவென்று நடந்தது. மருத்துவர் சீட்டைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள். மறுநாள் வண்டி வந்து, கடிநாய் என்று மாப்பிள்ளையைப் பத்து நாள் கண்காணிப்புக்குக் கொண்டுபோனது. நொண்டும் நாயால் வண்டியில் ஏற முடியவில்லை. தூக்கி ஏற்றியவர், கடிபட்டதாகத் தாங்கள் பதிந்துள்ள என் கணவர்தான். பிடிக்க வந்தவரின் கையை அது நக்கியதையும் பதியக் கேட்டேன். அதற்கும் கட்டம் இல்லையாம்.

6. இதற்கிடையே என் கணவரின் முகம் வலப்பக்கம் தளர்ந்துவிட்டது. அவர் சிரிப்பதே அபூர்வம் என்பதால் எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல இயலவில்லை. திங்களன்று குடித்த தண்ணீர் வாயோரம் வழிந்தபோதுதான் கவனித்தேன். வலக்கண்ணும் சரியாக மூடவில்லை. அன்று இரண்டாம் ஊசிக்குப் போனபோது காட்டினோம். ஊசி பயம் என்றார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக எனக்கே பயப்படாதவர் ஐயா அவர். நாளை மூன்றாம் ஊசி. முகநரம்புவரை வந்துவிட்ட உண்மையான நோய்க்கு இன்றுவரை ஒரு மாத்திரை கிடையாது.

7. மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் மாத்திரைதான் உள்ளே போயிருக்கிறது. மீதியைக் கொண்டுபோனால், கடிநாய்க்கு வெளிப்பொருள் கூடாது என்று காப்பகக் காவலர் திருப்பி அனுப்புகிறார். “அதே மருந்துதானே, நானே போட்டுக்கறேன்” என்கிறார் என் கணவர். நாயின் எடை பார்த்துக் கொடுத்ததை மனிதர் விழுங்கலாமா? டப்பாவை அச்சகத்து மேசையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

8. ஆகவே, பதிவேட்டில் ‘உண்ணி’யைச் சேர்த்து, என் கணவரின் கையையும் முகத்தையும் ஒரு மருத்துவர் நேரில் பார்க்கவும், மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

9. சிகிச்சை, விடுதலை இரண்டில் ஒன்றுதான் இன்று முடியுமென்றால், முதலில் நாயை விடச் சொல்லும்படி என் கணவர் என்னை எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். ஐயா, தயவுசெய்து அவரை முதலில் பாருங்கள். அவர் எதிர் பெஞ்சில்தான், கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

இடம்: தங்கள் அலுவலக இரண்டாம் மாடி நடை
நாள்: 9 ஜூலை, வியாழன்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மெய்ப்புத் திருத்துநர்