லிஃப்ட் அத்தியாயத்தை நான் தரவில்லை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சம்பத் இன்று, அச்சுக்குப் போகிற கையேட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். மொழிபெயர்ப்பு: கிருஷ்ணப்பிரியா. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், அச்சகத்துக்காரனுக்கு அடுத்தபடியாக.

பிரான்சிலிருந்து ஒர்க்‌ஷாப் சாமான்களை வரவழைத்து விற்கிறவர் அவர். கூடவே வரும் பிரெஞ்சு விளக்கத்தை, கார் மெக்கானிக்குகளுக்குப் புரிகிற இங்கிலீஷில் எழுதித் தருவது இரண்டு வருஷமாக என் வேலை. மண்ணூர்பேட்டை குடோனில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து எழுதியவன் நான். அந்தப் பெண் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"பிரெஞ்சுக்காரன் சர்டிபிகேட் கேக்கறான் ஐயா. உங்ககிட்ட இல்லியே, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

சர்டிபிகேட். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு மெஷின்களுக்காக, பழைய புத்தகக் கடை அகராதியை வைத்துக்கொண்டு நானாகப் படித்த பாஷை இது. வண்டியை ஜாக்கியில் தூக்கியபின் அடியில் முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டை அவர்கள் மெழுகுவர்த்தி என்பார்கள். அகராதியைப் பார்த்தால் மெழுகுவர்த்திதான் வரும். வேலையைப் பார்த்தால்தான் ஆக்ஸில் ஸ்டாண்ட் வரும். சாமானை ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை நான். அந்தப் பெண்ணுக்கு ஜாக்கியைப் பிடிக்கவாவது தெரியுமா?

காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டைப் பற்றிய அத்தியாயம் மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் பெயர் வந்தால்தான் அது வரும். சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சம்பத்திடமிருந்து போன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடியும் போன். கஸ்தூரி எடுத்துவிட்டாள். "ஊட்ல தான் கீறாரு, மூஞ்சத் தூக்கி வச்சிகினு." வைத்துவிட்டு என்னிடம்: "பேரு வோணுமாம் பேரு. ரேஷன் கார்டுல துலுக்கானம்னு கொட்ட எழுத்துல போட்டுக்கீறான் இல்ல? அத்த கண்ணாடி போட்டு மாட்டி வச்சிக்கோ."

கட்டிய பெண்டாட்டியே இப்படி என்றால் சம்பத்தைச் சொல்லி என்ன?

செப்டம்பர் 7, ஞாயிறு

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளாம். கஸ்தூரி அடை வார்த்துப் போட்டு உபசரித்தாள். எனக்குக் கேட்டால்கூட வார்ப்பதில்லை.

"லிஃப்ட் பக்கத்தைக் குடுங்க ஐயா. உங்க பேரைப் போடணும்னு நானும் சொன்னேன், சார் கேக்கல."

நம்புவதா இதை? "அவர் கேக்கும்போது வாம்மா" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முதல் லிஃப்ட் வேலப்பன்சாவடியில, மெக்கானிக் பூபாலன் அண்ணன் ஷெட்ல இறக்கியிருக்காங்க. நீங்க பார்த்தீங்களா? ஒரு தடவை வாங்களேன்."

"நான் பார்க்காத லிஃப்டா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அதுங்கீழ நின்னு வேலை பார்த்தவன்."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கையேடு அச்சாகி வந்துவிட்டதாம். லிஃப்ட் அத்தியாயத்தோடு. அவளே எழுதிவிட்டாளாம். இருக்கட்டும். அதில் எங்கெங்கே தப்பு இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜைக்குப் பூபாலன் தன் ஷெட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். என் அத்தியாயத்தைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அச்சடித்ததோடு ஒத்துப் பார்த்து, எல்லார் முன்னாலும் அவள் தப்பைக் காட்ட வேண்டும்.

லிஃப்டின் இரண்டு தூணிலும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கழுவித் துடைத்த கார் ஒன்றுக்கு மாலை போட்டு உச்சியில் ஏற்றி வைத்திருந்தார்கள். பூஜை போட்ட சாமானை இன்று தொடக்கூடாது. நாளைவரை கார் அந்தரத்திலேயே நிற்கும். அதன் அடியில்தான் படையல். பூபாலனின் பிள்ளைகள் அங்கேயே பாய் விரித்துப் பொரி தின்றுகொண்டிருந்தன.

கையேட்டைப் பிரித்தேன். 'தூக்கியதோடு விடாதே. லிஃப்ட் இரண்டு தூணிலும் உள்ள பூட்டுப் பல்லில் உட்காரும்வரை சற்றே இறக்கு. அதற்கு முன் அடியில் போகாதே' என்று இங்கிலீஷில் போட்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தூக்கின எடத்துல நிக்கிற சாமானை எதுக்குடா எறக்கணும்?"

"இது ஒங்க காலத்து ஸ்க்ரூ லிஃப்ட் இல்ல நைனா. ஆயில்ல தூக்கறது. அப்டியே உட்டா கசிஞ்சி கசிஞ்சி எறங்கிடும். பல்லுல உக்கார வச்சாத்தான் நிக்கும்." பூபாலன் சந்தனக் கையோடு சிரித்தான். "அந்தப் பொண்ணு நாள்கணக்கா இங்கியே நின்னுகினு, ஏத்து எறக்கு ஏத்து எறக்குன்னு என் உசுர வாங்கிட்ச்சி. துணியெல்லாம் கிரீஸு. பாக்காம எழுத மாட்டேன்னிச்சி. துலுக்கானம் ஐயா அப்டித்தான் செய்வாராமே?"

என் பையில் இருந்த தாளில் நான் எழுதியிருந்தது: வேண்டிய உயரம் வந்ததும் நிறுத்து. நின்ற இடத்தில் நிற்கும். கீழே போகலாம்.

பையைத் திறக்கவில்லை. பிள்ளைகளை வெளியே வந்து சாப்பிடச் சொன்னேன். "அதான் பல்லுல உக்காந்துகீதே நைனா, இன்னா பயம்?" என்றான். பிரசாதம் வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

ஸ்க்ரூ லிஃப்டுக்கு நான் எழுதியது சரிதான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

சம்பத் விற்பது ஸ்க்ரூ லிஃப்ட் இல்லை.

நான் போய்ப் பார்த்திருக்கலாம். அவள் கூப்பிட்டாளே — கூப்பிடத்தான் செய்தாள். பெயர் போட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். அச்சாகியிருக்கும். நேற்று அந்தப் பாய் மேல் —

வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

சம்பத் வீட்டுக்கு வந்தார், கையில் ஸ்வீட் பாக்ஸ். கையேட்டை இரண்டாவது தடவை அச்சடிக்கிறார்களாம். "பிரியா ஒத்தக் கால்ல நிக்குது ஐயா. பிரெஞ்சுக்காரன்கிட்டயும் பேசி சம்மதிக்க வச்சிடுச்சு. முதல் பக்கத்துல உங்க பேரு மேல, அது பேரு கீழ."

வேண்டாம் என்றேன்.

கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்றார். டீ குடியுங்கள் என்றேன். கடைசிப் பக்கத்தில் நன்றியாவது இருக்கட்டுமா என்றார். இருக்கட்டும் என்றேன்.

அவர் போனதும் கஸ்தூரி பிடித்துக்கொண்டாள். "இத்தினி நாளா பேரு பேருன்னு எம் மண்டைய உருட்டிட்டு, இப்ப ஊடு தேடி வந்து குடுக்கறாரு, வோணாங்கறியே. இன்னாய்யா வீம்பு ஒனக்கு?"

வீம்புதான் என்றேன். நம்பிவிட்டாள்.