மூடியின் மேல் முதல் கல்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து தூறல். மணல் லோடு வந்தது. வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டான். பின்பக்கம் அள்ளிப் போட நானும் அம்மாவும்தான். உள்ளங்கை எரிச்சல்.

பின்பக்கம் ஓர் அறை கட்டுகிறோம். எனக்கு. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இப்போது ஹாலில், டிவிக்கும் சமையலறைக்கும் நடுவில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களின் புகார்களை போனில் கேட்கும் வேலை. இன்று ஒரு கஸ்டமர் குக்கர் விசிலைக் கேட்டுவிட்டு, "மேடம், சாம்பாரா?" என்றார். பருப்பு ரசம். சொல்லவில்லை.

தலைவலி ஒன்று. தெரு முழுவதற்குமான பாதாளச் சாக்கடைக் குழாய் எங்கள் மனைக்குள் பின்பக்கமாகத்தான் போகிறது. மேன்ஹோல் மூடி, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். குடிநீர் வாரிய ஆபீஸில் கேட்டுவிட்டுக் கட்டலாம்பா என்றேன். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா: "கேட்டா வேணாம்னுவான். கேக்காத." மேஸ்திரி: "இன்னா சார், மூடி மேல டைல்ஸ் போட்டா மேட்டர் முடிஞ்சிச்சி. எவனுக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும். நான் கணக்கில் இல்லை போல.

ஜூலை 12, சனி

அஸ்திவார ஜெபம். வெயில். சேர் பதினைந்து வாடகைக்கு. கேசரி, போண்டா.

பாஸ்டர் வரும்போது நாற்றம் வரக்கூடாது என்று அம்மாவுக்கு ஒரே பதற்றம். மூடி ஓரத்தில் உடைந்திருந்த சந்தில் கோணிப்பையைத் திணித்தாள். மேலே மணல். அதன் மேல் பாய். பாயின் மேல் ஊதுபத்தி ஸ்டாண்ட் வேறு. "நாம என்ன ஊதுபத்தி ஏத்துறவங்களா?" என்றேன். "வாசனைக்குடி!"

பாஸ்டர் வந்தார். எல்லா இடத்தையும் விட்டுவிட்டு நேராகப் போய் அந்தப் பாயின் மேலேயே நின்றார். நீண்ட ஜெபம். முடிந்ததும், "கல் எங்கே?" என்று கேட்டு வாங்கி, பாயைச் சுருட்டச் சொல்லி, தன் காலடியிலேயே வைத்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். ஐயா, நீங்கள் நிற்பது சாக்கடை மூடி என்று யார் சொல்வது? மேஸ்திரி கலவையைப் போட்டார். சிலுவை பொறித்த கல், தெருச் சாக்கடையின் மேல். எல்லாரும் ஆமென். நானும்.

ஜூலை 14, திங்கள்

கல்லைப் பெயர்த்துத் தள்ளி வைக்கலாம் என்று மேஸ்திரியே சொன்னார். அம்மா விடவில்லை. "ஜெபம் பண்ணின கல்லு. யாராவது கைய வெச்சுப் பாருங்க." ஆகவே கல்லை வைத்துச் சுவருக்கு நூல் கட்டியாயிற்று. மேஸ்திரி என்னிடம் மெதுவாக: "உங்கம்மா இன்ஜினியர்மா."

மறக்கக் கூடாதவை: ஹெட்போன் வயர். அப்பா மாத்திரை. லைனிங் துணி.

ஜூலை 17, வியாழன்

அடைப்பு. அடுத்த வீட்டு சுலோச்சனா அக்கா ஏழு மணிக்கே வாசலில்.

"இன்னாம்மா இது? நீங்க ரூம் கட்றதுக்கு எங்க ஊட்டு பாத்ரூம்ல எதுத்துக்கினு வருது! சாமி கும்பிட்டுத் தானே ஆரம்பிச்சீங்க?"

நான் ஒரு போன் கால் எடுத்திருந்தேன். கஸ்டமர், "அங்க என்ன சண்டை?" நெட்வொர்க் சார் என்றேன்.

அடைப்பு எடுக்கும் வண்டி வந்தது. கூடவே வாரிய இன்ஜினியர். மூடி எங்கே? மூடியின் மேல் கல், கல்லின் மேல் சிலுவை, சிலுவைக்குப் பக்கத்தில் அம்மா. அவருக்கே சங்கடம். "கல்லை எடுத்துட்டு, சுவரை மூணடி உள்ள தள்ளுங்க. இல்லன்னா வேலைய நிறுத்திடுவேன். சனிக்கிழமை வருவேன்." வண்டி மேல்தெரு மூடி வழியாகக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டுப் போனது.

மாலையில் பெரியப்பா. "விட்ருடா. கட்டிக்கிட்டுப் போற பொண்ணுக்கு எதுக்கு ரூமு?" அப்பா ரிமோட்டை எடுத்தார். அவர் ரிமோட்டை எடுத்தால் சரி என்று அர்த்தம். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இரவு சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவில்லை. பிறகு பசித்தது.

ஜூலை 18, வெள்ளி

நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்களுடன் பேசுகிறேன். பாஸ்டருக்கு ஒரு போன் செய்ய மட்டும் தைரியம் இல்லை. மொட்டை மாடிக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். தண்ணீர் தொட்டிக்குப் பின்னால். காக்கா ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது.

கீழே வந்து, அம்மா எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டேன். ஐயா, நீங்க கல் வச்ச இடம் தெருச் சாக்கடை மேன்ஹோல். அதை எடுக்கணும். எடுக்கலாமா?

பாஸ்டர்: "அன்னிக்கே ஒரு வாடை வந்துதும்மா. உங்க வீட்ல கருவாடுன்னு நெனைச்சு சும்மா இருந்துட்டேன்."

அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தாராளமா எடுங்க. வீட்டுக்குத்தான் ஜெபம் பண்ணேன், மூடிக்கு இல்ல."

போனை வைத்ததும் அம்மா, "கருவாடா? நம்ம வீட்லயா?" அரை மணி நேரம் அதையே. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவிடம் போய் நின்றேன். "சுவரைத் தள்ளிக் கட்டுங்கப்பா. சின்னதானாலும் பரவால்ல. எனக்கு வேணும்." அப்பா டிவியை அணைத்தார். "கட்டில் போட்டா மேசை போட முடியாதே?" மேசை போதும்பா.

ஜூலை 19, சனி

கல் பெயர்த்தாயிற்று. மூடியைத் திறந்தார்கள். வண்டிக்காரர் கொக்கி விட்டு இழுத்தார். வந்தது கோணிப்பை. அம்மா திணித்ததுதான். உள்ளே விழுந்து குழாய் வாயை அடைத்திருக்கிறது.

சுலோச்சனா அக்கா: "யாருதுபா இது?"

அம்மா, மேஸ்திரியைப் பார்த்து: "காலிச் சாக்க எல்லாம் கண்ட இடத்துல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் துவைக்கும் கல்லைப் பார்த்தேன். அப்புறம் அவருக்கு இரண்டு டீ.

பெரியப்பா வரவில்லை. வெயில், முட்டி வலி என்றாராம்.

ஜூலை 21, திங்கள்

மழை. சுவர் இடுப்பு உயரம். உள்ளே நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொட்டுவிடும் போல. நாற்றம் வரத்தான் செய்யும், மூடி ஜன்னலுக்கு நேர் கீழே. இருக்கட்டும்.

கதவுக்கு அளவெடுக்க ஆள் வந்தார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"வெளிய போதும்," என்றாள் அம்மா.

உள்ளேயும் என்றேன்.

"உள்ள எதுக்குடி?"

அவரிடம் இன்னொரு முறை சொன்னேன். உள்ளே. பெரியதாக.